மடியில் ஒரு சிலிண்டர் ஹெட்டுடன் பெங்களூரில் நான்கு நாள்

கண்டோன்மெண்டில் இறங்கியிருக்க வேண்டும். என்னுடன் நான்கு உருப்படிகள் வந்திருந்தன: பெட்டி, சக்கரம் வைத்த தள்ளுவண்டி, தண்ணீர்ப் பாட்டில், துணிப்பை. எண்ணினேன், மூன்றுதான் வந்தது. மறுபடி எண்ணினேன், மூன்றேதான். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "பை தோள்ல மாட்டிட்டிருக்கீங்களே சார்" என்று எதிர் இருக்கைப் பெண் சொன்னபோது சிட்டி ஸ்டேஷன் பிளாட்பாரம் ஓடி வந்துகொண்டிருந்தது.

எழுபத்தொரு வயது எனக்கு. முப்பத்திரண்டு வருடம் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, திருச்சி வட்டாரத்துத் தராசுகளுக்கெல்லாம் முத்திரை வைத்தவன். எண்ணிக்கையில் தவறுவது எனக்கு இன்னும் பழகவில்லை. இந்தப் பயணத்துக்குக் காரணமே அப்படி ஒரு தவறுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது.

என் மகள் நித்யா மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஜோகுபாளையத்தில் மாடி வீடு. பதினொரு வருடம் சேர்த்துவைத்து, ஜப்பான்காரர்கள் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். அவளுக்கு முன்பு இரண்டு பேர் கையில் இருந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடியலில் நந்தி மலை வரை போய்வருவாள். மற்ற ஆறு நாளும் அதற்குப் போர்வை. போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை, யாரும் கேட்காமலே ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடியைத் திருகினேன். அந்த மூடி இரண்டு சொடுக்கு கேட்கும்வரை திருக வேண்டிய மூடி. ஒரு சொடுக்கு கேட்டது. அப்போது கீழ்வீட்டுக்காரர், "சாப்ட்டாச்சா சார்?" என்றார். "ஆச்சு" என்றேன். மூடியைப் பற்றியும் என் மனம் அதே பதிலைச் சொல்லிக்கொண்டது.

மறுநாள் காலை, நானும் பக்கத்து இருக்கையில் இருக்க, பல்லாரி சாலையில் வண்டி கொதித்து நின்றது. நித்யா இறங்கி, ஓரமாக நின்று, இழுவை வண்டிக்குப் போன் செய்தாள். நான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் தொட்டுப் பார்த்தேன். முதல் சொடுக்கிலேயே நின்றிருந்தது. இரண்டாவது சொடுக்குவரை திருப்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஊருக்கு ரயில் ஏறினேன்.

கொதித்ததில் என்ஜினின் மேல்பாகம் வளைந்துவிட்டது. சிலிண்டர் ஹெட் என்று பெயர். எல்லோரும் ஹெட்டு என்கிறார்கள். அதன் அடிப்பக்கம் கண்ணாடிபோல் தட்டையாக இருந்தால்தான் கீழே இருக்கும் என்ஜினோடு ஒட்டும். தட்டையாக்க ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சீவ வேண்டும். கொஞ்சம் கூடுதலாகச் சீவிவிட்டால் ஹெட்டு குப்பைக்குத்தான். கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல காலமாகிறது. இன்னொரு ஹெட்டு கிடைக்காது. ஹெட்டு போனால் காரும் போனது.

நித்யா ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் ஜெர்மனி போக வேண்டியிருந்தது. போனில் சொன்னாள்: "மூணு ஷாப் சொல்லியிருக்காங்கப்பா. நேர்ல போய்ப் பாத்து ஒண்ணை முடிவு பண்ணுங்க. எனக்கு அவங்க பேசறது புரியாது. உங்களுக்கு அளவு தெரியும்."

உங்களுக்கு அளவு தெரியும் என்ற வாக்கியத்தில் மூன்றே சொற்கள்தான். எனக்கு அது பதின்மூன்று கிலோ கனத்தது.

ஹெட்டும் அதே எடைதான். பதின்மூன்று கிலோ நானூறு கிராம். ஜோகுபாளையத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அந்தத் தராசில் முத்திரை காலாவதியாகி இருந்தது. கடைக்காரரிடம் சொன்னேன். "நாலு வெண்டக்கா கூடப் போடறேன் சார், வுட்டுடுங்க" என்றார்.

முதல் நாள் ஹெட்டைக் கொடுத்தவர் மெக்கானிக் இம்தியாஸ் பாய். அல்சூரில் ஒரு மரத்தடிக்குப் பின்னால் அவருடைய கராஜ். பழைய படுக்கைவிரிப்பில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, என் தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டினார். இரண்டு முனையும் அடைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் கையில் திணித்தார்.

"இதுல ரெண்டு கேம் இருக்கு சார். வால்வைத் தொறந்து மூடற தண்டு. ஹெட்டு கூடவே எடுத்துட்டுப் போங்க. யாராச்சும் கேட்டா குடுங்க. கேக்கலைன்னா நக்கோ, வுட்டுடுங்க."

அவர் சொன்ன கணக்கைத் துணிப்பையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். புதிதாக இருந்தபோது ஹெட்டின் உயரம் நூற்று முப்பத்துமூன்று மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால், அதில் இருபது பங்குதான் அதன் ஆயுள் முழுவதற்கும் சீவலாம். இருபது பங்கென்றால் மூன்று தலைமுடி கனம். இதில் இன்னொரு சிக்கல். முன்பு வைத்திருந்த யாரோ ஏற்கெனவே ஒருமுறை சீவியிருக்கிறார்கள். சீவிய ஷாப்காரர் எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பக்கவாட்டில் உளியால் அடித்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு எண்: 6. ஆறு என்ன என்று எழுதவில்லை.

"ரேடியேட்டர் மூடி டைட்டாத்தான் இருந்துச்சு சார்" என்றார் இம்தியாஸ் பாய். "தண்ணி எங்க போச்சுன்னுதான் இன்னும் எனக்குப் புரியல. தண்ணி பம்ப்பையும் மாத்திடலாம்னு மேடத்துக்கிட்ட சொல்லிருக்கேன்."

நான் கயிற்றின் முடிச்சுகளை எண்ணினேன். ஐந்து.

முதல் ஷாப் ஒக்கலிபுரத்தில், காலையில் தவறி இறங்கிய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. ஆட்டோவில் ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி குதிக்கும்போது தரையில் இருந்தால் இன்னும் வளைந்துவிடுமோ என்ற பயம். போகும் வழியில் வேகத்தடை பத்தொன்பது, பள்ளம் எண்ணி முடியவில்லை. "என்னா சார் பைப்புல, நாயனமா?" என்றார் ஓட்டுநர். கேம் என்றேன். "கேமா? எங்க பையனும் நாள் பூரா கேம்தான் ஆடறான்" என்று வருத்தப்பட்டார்.

ஷாப் முதலாளி ஆரணிக்காரர். கை முழுக்க எண்ணெய். பெட்டியைத் திறந்ததும் ஹெட்டை ஒரு கையால் தூக்கினார். நான் பதறினேன். ஸ்பேனரின் பின்புறத்தால் அங்கங்கே மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். ஹெட்டு மணிபோல் ஒலித்தது. "சத்தம் நல்லாக் கீது. விரிசல் இல்ல" என்றார். விளிம்பு நேரான இரும்புச் சட்டம் ஒன்றை அதன் அடிப்பக்கத்தில் குறுக்கே வைத்து, இடைவெளியில் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். எட்டுத் தகடு மாற்றியிருப்பார். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. விரலே கனத்தைப் படித்தது. இப்படி ஒரு விரல் என் துறையில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

"அஞ்சு தவ் வளைஞ்சிருக்கு. ஏற்கெனவே ஆறு தவ் எடுத்துட்டான். ஆக பதினொண்ணு. இந்த ஹெட்டு செத்துப்போச்சு சார்."

தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். பதினொரு தவ் என்றால் இருபத்தெட்டுப் பங்கு. இருபதுக்கு மேல் எட்டு. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் சிரித்தார்.

"அட, ஏன் சார் அப்பிடியே உக்காந்துட்டீங்க? நான் சீவிக் குடுத்துடறேன். நடுவுல தடிமனா ஒரு அடைப்புத் தகடு, கேஸ்கெட், போட்டுக்கலாம். ஓடும். சாயங்காலம் வாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். செத்துப்போனதைச் சாயங்காலத்துக்குள் ஓட வைப்பதாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மதியம் சாப்பிட்ட சாம்பாரில் வெல்லம் தெரிந்தது. மூன்று முறை வந்தும் இந்த ஊர்ச் சாம்பாரோடு எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை. காப்பி மட்டும் திருச்சியை வென்றது. ஒன்றை இரண்டாகப் பங்கிட்டு 'ஒன் பை டூ' என்று தருகிறார்கள். இரண்டு கோப்பையிலும் மட்டம் சமமாக இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் பீன்யா. அல்சூரிலிருந்து மெட்ரோ. பெட்டியை ஸ்கேனர் விழுங்கியதும் வரிசை நின்றுவிட்டது. காவலர் திரையைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார். இது என்ன என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"ஹெட்" என்றேன்.

"ஹெட்டா? யாருடைய ஹெட்?"

"என் மகளுடையது."

பின்னால் ஒரு பெண் இரண்டடி நகர்ந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இளைஞர் ஒருவர் முன்னால் வந்து கன்னடத்தில் விளக்கினார். காவலர் மறுபடி திரையைப் பார்த்தார். நான்கு பெரிய வட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு சின்ன வட்டம். பிறகு பக்கத்து வாசலில் நின்ற தோழரைக் கூப்பிட்டுக் காட்டினார். இளைஞர் எனக்கு மொழிபெயர்த்தார்: "உள்ளே இவ்வளவு அழகா இருக்கும்னு தெரியாதுங்கறார்." ஒருவர் கீழ்ப்பக்கம் பிடித்துத் தள்ளுவண்டியைப் படியேற்றினார். எட்டு நிமிடம் தாமதம். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பீன்யா ஷாப்பை ஷாப் என்றே சொல்லக்கூடாது. குளிர்சாதனம், வெள்ளைத் தரை, கண்ணாடிக் கதவு போட்ட யந்திரம். உள்ளே ஒரு வளையத்தில் இருபத்துநான்கு கருவிகள் தொங்கின. அதுவாகவே ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டது. ஒரு கருவியை மாற்ற இரண்டு வினாடி. அது சீவி முடித்த ஒரு ஹெட்டைக் காட்டினார்கள். குனிந்தேன், என் முகமும் மூக்குக்கண்ணாடியும் கூரை விளக்கு ஆறும் அதில் தெரிந்தன. வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, அதை மட்டும் கணக்கிடவில்லை.

மேலாளர் மஞ்சுநாத் நல்லவர். கன்னடமும் தமிழும் அவர் வாயில் ஒரே தட்டில் வந்த காராபாத்தும் கேசரிபாத்தும் போல இருந்தன. யந்திரத்தின் ஊசி ஒன்று ஹெட்டை அங்கங்கே தொட்டுத் திரையில் எண் காட்டியது.

"பன்னெண்டு பாயிண்ட் பெண்டு ஆகி வளைஞ்சிருக்கு சார். பழசு ஆறு பாயிண்ட். மொத்தம் பதினெட்டு. ஏனு தொந்தரவில்ல. நாளைக்குப் பெளிக்கே, பத்து மணிக்குக் காலைல குடுத்துடறோம். நீங்க சும்னே டென்ஷன் ஆகாதீங்க."

பாயிண்ட் என்றால் இங்கே மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. ஆக பதினெட்டுப் பங்கு, இருபதுக்குள். ஹெட்டு பிழைத்துவிட்டது! ஒரே ஆறு: ஒக்கலிபுரத்தில் பிணம், பீன்யாவில் உயிர். ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறிக் கிடந்ததை ஒழிக்கத்தான் எங்கள் துறையே வந்தது. ஒழியவில்லை. இந்த நகரத்துக்கு வந்து ஒளிந்திருக்கிறது.

"ஆறு பாயிண்ட்னு எப்படி நிச்சயம்?" என்று கேட்டேன்.

"யாரும் இப்போ தவ்ல எழுதறதில்ல சார்" என்றார் மஞ்சுநாத். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. ஏன் பிடித்தது என்பதையும் சொல்கிறேன். அங்கே யாரும் என்னிடம் வண்டி எப்படிக் கொதித்தது என்று கேட்கவில்லை.

மாலை நித்யா அழைத்தபோது, பீன்யாவே போதும் என்றேன்.

"மூணாவது பாத்தாச்சா?"

"எதுக்கு? யந்திரத்தைப் பாத்தா நீயே அசந்துடுவே."

"அப்பா, நீங்கதானே சொல்வீங்க, மூணு தடவை நிறுத்தாத்தான் நிறுத்த மாதிரின்னு? மூணுன்னா மூணு."

மூன்றாம் நாள் ஜீவனஹள்ளி. காக்ஸ் டவுன் தாண்டி, ஆட்டோ நுழைய மறுத்த சந்தில் நூற்றுநாற்பது அடி நடந்தேன். எடுத்துவைத்த அடியைச் சொல்கிறேன். வீட்டு முன்பகுதியை இடித்துக் கட்டிய ஷாப். வாசலில் மாதா படம், அதைச் சுற்றிச் சின்ன விளக்குகள். உள்ளே ஹெட்டுகள் அடுக்கடுக்காக. கோவா, கோயம்புத்தூர், மும்பை என்று ஒட்டுச்சீட்டு. பந்தயக் கார்க்காரர்கள் லாரியில் போட்டு அனுப்புகிறார்களாம்! வெளியே பஜ்ஜி வாசனை. உள்ளே மில்லிமீட்டரை நூறாகப் பிளக்கிறார்கள்.

கணவன் மனைவி நடத்துகிறார்கள். யந்திரம் ஆரோக்கியராஜ், அளவு ஸ்டெல்லா. ஐம்பதை நெருங்கும் வயது இருவருக்கும். இரண்டு நாளில் இரண்டு ஷாப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஸ்டெல்லா பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. என் கையில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"கேமா அங்கிள் அது? குடுங்க, குடுங்க. ரெண்டு நாளா இதைத் தூக்கிட்டா சுத்துறீங்க? ஒருத்தரும் கேக்கலையா?"

"கேட்கவில்லை."

"ஹெட்டு வளைஞ்சா கேம் உக்கார்ற வழியும்தானே வளையும்? அடியை மட்டும் சீவி என்னா பண்றது? மண்டைக்கு மேல வளைஞ்சு கெடக்கும்."

ஆரோக்கியராஜ் உள்ளிருந்து, "சார் வந்ததும் பாடம் ஆரம்பிச்சிட்டியா? உக்கார வை முதல்ல" என்றார்.

"நீ வெட்டு. எவ்ளோ வெட்டணும்னு நான் சொல்றேன்" என்றார் ஸ்டெல்லா. இது தினமும் நடக்கும் பேச்சு போலிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

பெட்டியைத் திறந்து, ஹெட்டின் பக்கவாட்டில் இருந்த ஆறைக் காட்டி, தவ்வா பாயிண்டா என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார் ஸ்டெல்லா. மற்ற இரண்டு ஷாப்பிலும் கேட்காத விடை. "அளந்தாத் தெரிஞ்சுடப்போவுது." அளவுகோலை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. ஹெட்டின் துவாரங்களை ரப்பர் வைத்து அடைத்து, காற்றுக்குழாய் மாட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். விரிசல் இருந்தால் குமிழி வருமாம். எண்ணுவதற்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இருபது நிமிடம் எண்ணினேன். பூஜ்யம்.

தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, உள்ளறையில் இருந்த கருங்கல் மேசைமேல் ஹெட்டைக் கிடத்தினார்கள். கல்லுக்குப் போர்வை இருந்தது. அதை விலக்கித்தான் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி.

"தூங்கட்டும்" என்றார் ஸ்டெல்லா. "வெயில்ல ஆட்டோல வந்த ஹெட்டு. உடனே அளந்தா பொய் சொல்லும். ராத்திரி முழுக்க இந்தக் கல்லு மேல தூங்கினாத்தான் கல்லோட சூடும் இதோட சூடும் ஒண்ணாவும். காலைல கேட்டா நெசம் சொல்லும். தொடாதீங்க அங்கிள், கை சூடு."

கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் ஆய்வகத்தில் மூல எடைக்கற்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இடுக்கியால்தான் எடுப்போம். அறையின் சூடு மாறினால் அன்று வேலை கிடையாது. அந்தக் கவனத்தை அரசாங்கக் கட்டடத்துக்கு வெளியே நான் பார்த்ததில்லை. நோட்டில் கணக்கிட்டேன். பத்து டிகிரி சூடு கூடினால் இந்த அலுமினியம் மூன்று பங்கு உயரும். பீன்யாக் கணக்குப்படி எங்களுக்கு மிச்சமே இரண்டு பங்குதான்! ஜீவனஹள்ளியில், ஒரு சந்துக்குள், ஹெட்டைத் தூங்கவைக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த ஷாப்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு ஹெட்டிலும் கம்பியால் கட்டிய கெட்டி அட்டை. கார், உரிமையாளர், அளவுகள். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒத்தால்தான் ஸ்டெல்லா பக்கத்தில் ஒரு டிக் போடுகிறார். கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: 'ஏன்'. படித்துக்கொண்டே போனேன். 'விசிறி பெல்ட் அறுந்தது.' 'தண்ணிக்குப் பதில் சோடா.' 'மச்சான் ஓட்டினது.' மொத்தம் முப்பத்தொரு அட்டை. ஓரத்தில் தூசி படிந்த ஒன்றில், 'ஓனருக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கறார்.'

"அது ரெண்டு வருஷமா கெடக்கு" என்றார் ஆரோக்கியராஜ். "அந்த 'ஏன்' எழுதாம மெஷின்ல ஏத்த மாட்டா இவ."

"எதுக்கு ஏத்தணும்? காரணம் தெரியாம வெட்டினா திரும்ப கொதிக்கும். திரும்ப வெட்ட அதுல சதை இருக்காது." ஸ்டெல்லா எங்கள் அட்டையை எடுத்தார். "சொல்லுங்க அங்கிள். விரிசல் இல்ல, ஒழுகல் இல்ல. தண்ணி எந்த வழியாப் போச்சு? ரேடியேட்டர் மூடி சரியா இருந்துச்சா?"

"மெக்கானிக் பார்த்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முப்பத்திரண்டு வருடம் வியாபாரிகள் என்னிடம் சொன்னவை எல்லாம் அப்படிப்பட்ட வாக்கியங்கள்தான்.

"அப்ப யோசிச்சு வைங்க. நாளைக்கு இது எந்திரிக்கறப்ப நீங்களும் சொல்லணும்."

நான்காம் நாள் காலை எட்டரைக்குப் போனேன். ஸ்டெல்லா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கேம்களை அவற்றின் இடத்தில் கிடத்தினார். இரண்டு விரலால் சுற்றினார். சுற்றியது. "கொஞ்சம் யோசிச்சுட்டுச் சுத்துது. ஆனா சுத்துது" என்றார். பிறகு உயரம். ஆறு இடம், இடத்துக்கு இரண்டு முறை. மூச்சை அடக்கிக்கொண்டு அளவுக் கருவியின் திரையைப் படித்தார். நானும் அடக்கிக்கொண்டேன். ஆறு டிக் விழுந்தது.

"ஆறுங்கறது பாயிண்டுதான். நூத்தி முப்பத்திமூணுக்கு ஆறு பங்கு கம்மி. வளைவு பன்னெண்டு. எனக்குச் சுத்தமா ஆவறதுக்குப் பதிமூணு வேணும். ஆறும் பதிமூணும் பத்தொம்பது. ஒண்ணு மிஞ்சும் அங்கிள்."

ஒரு பங்கு. தலைமுடியில் ஏழில் ஒன்று. அதன்மேல் என் மகளின் பதினொரு வருடம் நின்றுகொண்டிருந்தது.

"ஏன்?" என்றார் ஸ்டெல்லா, பேனாவோடு.

என் தள்ளுவண்டி வாசலிலேயே இருந்தது. பீன்யாவுக்கு இரண்டு ரயில். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கே கிடைத்துவிடும், முகம் தெரிகிற மினுமினுப்போடு. தூசி படிந்த அந்த அட்டையைப் பார்த்தேன். இம்தியாஸ் பாய் வீணாக மாற்றப்போகும் தண்ணீர்ப் பம்ப்பை நினைத்தேன். பேனாவை நானே வாங்கி எழுதினேன்: 'ரேடியேட்டர் மூடி. இரண்டு சொடுக்குக்குப் பதில் ஒரு சொடுக்கு. போட்டவர்: தகப்பனார்.'

ஸ்டெல்லா படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "இருக்கட்டும். ஏத்து" என்று கணவரிடம் சொன்னார். அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போடவில்லை. நான் கவனித்தேன், கேட்கவில்லை.

ஆரோக்கியராஜ் ஹெட்டின் அடிப்பக்கம் முழுவதும் நீல மையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். யந்திரம் சுழன்றது, ஓட்டத்துக்கு ஒரு பங்கு. முதல் ஓட்டத்தில் இரண்டு ஓரத்திலும் மை போனது. நடுவில் நீலம் அப்படியே குளம்போல் நின்றது. பள்ளம் அங்கேதான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குளம் சுருங்கியது. எட்டாம் ஓட்டத்தில் உள்ளங்கை அளவு. பத்தில் ஒரு ரூபாய். பன்னிரண்டில் ஒரே ஒரு நீலப் புள்ளி, அரிசியில் பாதி. ஆரோக்கியராஜ் மனைவியைப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் அவர் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஸ்டெல்லா ஒற்றை விரலைக் காட்டினார். இன்னும் ஒரு பங்கு. கத்தி கடந்து போனது. நீலம் இல்லை. வெள்ளித் தகடுபோல் ஹெட்டு கிடந்தது, ஒரு ஓரம் முதல் மறு ஓரம் வரை ஒரே வெளிச்சம்.

நான் அழுதேன் என்று ஆரோக்கியராஜ் சொல்கிறார். வெட்டும்போது தெறித்த எண்ணெய் கண்ணில் பட்டது.

காப்பி வந்தது, ஒன் பை டூ. ஹெட்டு மறுபடி தூங்க வேண்டும், கடைசி அளவு சாயங்காலம் என்றார்கள். சந்து முனைவரை நடந்திருப்பேன், நித்யா அழைத்தாள். அட்டையைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்புவது அந்த ஷாப்பின் வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எவ்ளோப்பா மிச்சம்?"

"ஒரு பங்கு."

"ம்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பதினொரு வினாடி.

"அப்பா, இம்தியாஸ் பாய் பாக்கறப்ப மூடி டைட்டா இருந்துச்சே. அதை யாரு திருப்பினது?"

நூற்றுநாற்பது அடி நீளச் சந்தில் எனக்கு ஒதுங்க இடமில்லை.

"நீ போன் பண்ணிட்டிருந்தேல்ல, அப்ப."

இந்த முறை நான் எண்ணவில்லை.

"அதையும் எழுதுங்க" என்றாள். "அட்டைல."

"கோவமாம்மா?"

"எழுதிட்டுக் கூப்பிடுங்க. அப்புறம் சொல்றேன்."

திரும்பி நடந்தேன். அட்டையைக் கம்பி போட்டுக் கட்டியாகியிருந்தது. கேட்டதும் ஸ்டெல்லா அவிழ்த்துக் கொடுத்தார். முன்பக்கத்தில் இடம் இல்லை. பின்பக்கத்தில் எழுதினேன்: 'வண்டி நின்றதும் மூடியை இரண்டாம் சொடுக்குக்குத் திருப்பி மறைத்ததும் அவரே.'

ஸ்டெல்லா வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். திருப்பி முன்பக்கத்தைப் படித்தார். மறுபடி ஒருமுறை இரண்டையும் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, காலையில் விட்டுவைத்த இடத்தில் ஒரு டிக் போட்டார்.